நீல சீஸும் ஆறு வீட்டு எலி வேட்டையும்

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். விருந்துக்குப் போன வீட்டில் தண்ணீர் கேட்க வெட்கப்பட்டு விக்கலோடு திரும்பி வந்தவன். இந்தக் கதையை என் மனைவி செல்வி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி, ஒவ்வொரு தடவையும் என்னை இன்னும் கொஞ்சம் பெரிய முட்டாளாக்கிக்கொண்டே போகிறாள். நான் எவ்வளவு முட்டாளாக இருந்தேனோ அந்த அளவு மட்டும் ஒரு இடத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்களுக்கு நீலசந்திராவில் லைன் வீடு. ஒரே ஷீட் கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுகள். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. (ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறு வீட்டிலும் தும்முவோம்.)

வேலை, இந்திராநகர் பக்கம் ஒரு கடையில். வெளிநாட்டு ரொட்டி, ஆலிவ் காய், விதவிதமான சீஸ் எல்லாம் விற்பார்கள். டெலி என்று பெயர். நான் பேக்கிங்கில் இருந்தேன். பேக்கிங் என்றால் நாள் முழுக்கக் குளிர் அறை. எனக்கோ இழுப்பு. "வேலையை மாத்து, இல்லேன்னா மூச்சை மறந்துடு" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்துக் கவுண்டரில் நின்றவர் துபாய்க்குப் போக, கடை முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். மங்களூர்க்காரர், தமிழைக் கன்னடத்தில் நனைத்துத்தான் பேசுவார்.

"நோடு மாரி, புதுசா மூணு ப்ளூ சீஸ் வந்திருக்கு. கவுண்டர்ல நிக்கறவன் கஸ்டமருக்கு ருசி சொல்லணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, தின்னு பாரு. திங்கட்கிழமை வந்து உன் வாயால சொல்லு. சொன்னா கவுண்டர் உனக்கு. ஆகல்லன்னா வேற ஆளப் பாக்கறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பொட்டலங்களோடு வீட்டுக்கு வந்தேன். செல்வி ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள்.

"என்னங்க, பூசணம் புடிச்சதெல்லாம் உங்க தலையில கட்டிட்டாங்களா?"

"இல்ல செல்வி, இது இப்படித்தான் இருக்கணுமாம்."

"யாரு சொன்னா? வித்தவங்களா?"

அன்றைக்கு அவளுக்குப் பெருமாள் விரதம். இந்த நாற்றம் நாளை வரைக்கும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்றாள். எங்களிடம் ஃப்ரிட்ஜும் கிடையாது. நான் யோசித்து யோசித்து, உயரத்தில் வைத்தால் கீழே வாசனை வராது என்று முடிவு செய்து, பொட்டலங்களைச் சுவர் உச்சியில் வைத்தேன். சுவர் உச்சி என்றால் என்ன? ஆறு வீட்டுக்கும் பொதுவான இடம். மேலே ஷீட். மாதமோ ஏப்ரல்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் பக்கத்து வீட்டு ரோஸி அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"மாரி, உங்கூட்டுல எலி செத்துக் கெடக்குதா பாரு."

இல்லை அக்கா, அது என் சீஸ் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "அப்படியாக்கா?"

அதற்குள் ஆறு வீட்டுக்கும் சொந்தக்காரரான முனிசாமி அண்ணன் தடியோடு வந்துவிட்டார். மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்தார்.

"எலியாவது! ஹெக்கணம்டா இது, பெருச்சாளி! குடும்பத்தோட செத்திருக்கு. மாரி, டார்ச் எடு."

எடுத்தேன். எடுத்ததோடு வீடு வீடாகப் போய் வெளிச்சமும் காட்டினேன். கட்டில்கள் வாசலுக்கு நகர்ந்தன. ட்ரங்குப் பெட்டிகள் வெளியே வந்தன. ரோஸி அக்காவின் பீரோவை நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். பின்னால், போன வருஷம் தொலைந்துபோன கொலுசு மட்டும் கிடைத்தது. யாரோ சாம்பிராணி போட்டார்கள். நாற்றம் போகவில்லை, பக்தியோடு வந்தது. செல்வி என் காதோரம் வந்து பல்லைக் கடித்தாள்.

"சொல்லித் தொலைங்களேன்."

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

இதற்குள் முனிசாமி அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர் உச்சியில் தடியால் துழாவ ஆரம்பித்துவிட்டார்.

"கெடச்சுருச்சு! மெத்துமெத்துன்னு இருக்கு!"

தள்ளிவிட்டார். மூன்றும் தொப்தொப்பென்று வாசலில் விழுந்தன. ஒன்றில் காகிதம் கிழிந்து உள்ளே இருந்தது எட்டிப் பார்த்தது.

"ஏசுவே! உடம்பெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு!" என்று ரோஸி அக்கா பினாயில் பாட்டிலைத் திறந்தார்.

என் மூச்சு, என் கவுண்டர், எல்லாம் அந்தப் பாட்டில் வாய்க்குக் கீழே கிடந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கத்தினேன்.

"ஊத்தாதீங்க! அது என் வேலை!"

ஆறு வீடும் என்னைப் பார்த்தது. தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். சீஸ், திங்கிற சாமான், நாளைக்கு ருசி சொல்லணும்.

"இதத் திங்கறாங்களா? யாருடா?" என்றார் முனிசாமி அண்ணன்.

"பெரிய மனுசங்க அண்ணா."

"அப்ப நீ தின்னு காட்டு."

தின்றேன். என் முகம் போன போக்கைச் செல்வி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். ஆனால் என்ன ருசி என்று கேட்டார்கள். "நல்லா... இருக்கு" என்றேன்.

"இத சொன்னா எவன் வேலை குடுப்பான்? நகரு," என்று ரோஸி அக்கா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடினார். "ஏய், கருவாட்ட வெண்ணெயில பொரட்டின மாதிரி இருக்குடா!"

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவதைத் தின்றார். "மோர் மொளகாய். வறுக்காத மோர் மொளகாய். மூக்குல ஏறுது, ஆனா சக்கத்தா இருக்கு, சூப்பரு."

மூன்றாவது கெட்டி; யாருக்கும் பிடிபடவில்லை. செல்வி உள்ளே போய்ச் சுடச்சுட தோசை வார்த்து, அதன் மேல் உதிர்த்துக் கொண்டுவந்தாள். அது உருகி ஓரமெல்லாம் முறுகிவிட்டது. "பழைய நெய்யில கொஞ்சம் புளிப்பு சேர்ந்தாப்புல," என்றாள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல வாய்கள் காலியாக இல்லை. மாவு தீர்ந்ததும் அக்கா வீட்டு மாவு வந்தது. வெளியே கிடந்த கட்டில்களிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இன்றைக்கும் நான் எதையாவது சொல்லத் தயங்கி மென்று விழுங்கினால், என் மகள், "அப்பா, டார்ச் புடிக்காதீங்க" என்பாள். மருமகனுக்கும் அது தெரிந்துவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. முதலாளியம்மா கேட்டார், மூன்றையும் சொன்னேன். கருவாடு இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்தார். பதினொரு மணிக்கு எனக்குக் கவுண்டர் ஏப்ரன் கொடுத்தார்கள். அளவு பெரிதாக இருந்தது.