ஆறுதலாக வந்த நொடிவீரன்

ஒரு படக்கதைப் புத்தகத்தை நான் பதினொரு தடவை படித்திருக்கிறேன். பதினொரு தடவையும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதே விளங்காததால், அதைப்பற்றி ஒரு கூட்டத்தில் நாற்பது நிமிடம் உரையாற்றினேன்.

நொடிவீரனைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாராவது "காப்பாற்றுங்கள்" என்று கத்தி, வாயை மூடுவதற்குள் வந்து நிற்கும் வெளிநாட்டு மாவீரர். சென்னையில் தமிழாக்கி அச்சிட்ட புத்தகங்கள் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைக் கடைகளுக்கு வரும். முதற்பாகத்தைப் பாடப்புத்தகத்தைவிடப் பக்தியாகப் படித்தோம். (எங்கள் பரீட்சை முடிவுகள் அதற்குச் சாட்சி.)

பல வருடம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. அதில் நொடிவீரருக்குத் தலை நரைத்து, முழங்கால் வலி வேறு. அதைக்கூட மன்னித்திருப்போம். ஆனால் ஒரு கட்டடம் இடிந்து விழுகிறது, உள்ளே ஒரு பையன், தாய் தொலைபேசியில் அழுகிறாள். நம் வீரர் என்ன சொல்கிறார்? "ஆறுதலாக வருவேன், அம்மா." பிறகு நடந்தே வந்து, கடைசி எட்டுப் பக்கமும் அவள் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். சண்டையும் இல்லை, வசனமும் இல்லை.

எங்கள் வீடுகளில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், மெல்ல என்று அர்த்தம். "பஸ்ஸுக்கு நேரமிருக்கு, ஆறுதலாச் சாப்பிடு" என்பார் அம்மா. ஆகவே எங்கள் படக்கதை வாசகர் வட்டம் கொதித்தது. (மொத்தம் பதினான்கு பேர். அதில் மூன்று பேர் கூட்டத்தில் கொடுக்கும் ரோல்ஸ் பலகாரத்துக்காக வருபவர்கள்.) கோபக்காரர்களின் தலைவன் என் நண்பன் ரமணன்.

"பெடியன் கல்லுக்குக் கீழ கிடக்கிறான், தாய் குழறுறா, இவர் ஆறுதலா வாறாராம்! என்ன, கலியாண வீட்டுக்கே வாறார்?"

நானும் ரமணன் கட்சிதான், மேகலா வரும்வரை. கொட்டாஞ்சேனைப் பெண், அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை. பூர்வீகம் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கம். பேச்சு வளர்க்க வேறு வழி தெரியாமல் இரண்டு பாகத்தையும் இரவல் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திருப்பித் தந்தாள்.

"எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. கடைசியில அழுதுட்டேன்."

ஏன் அழுதாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. நான் கேட்கவில்லை. அன்று மாலையே கட்சி மாறினேன். அடுத்த கூட்டத்தில் இரண்டாம் பாகத்துக்கு நீதி வழங்கப் போவதாக அறிவித்து, மேகலாவையும் அழைத்தேன். உரை முடிந்ததும் அவளிடம் கலியாணப் பேச்சை எடுப்பது என்பது திட்டம். (அறிவாளியைப் பெண்கள் மறுப்பதில்லை என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன்.)

ஞாயிறு பின்னேரம், ஒரு டியூஷன் வகுப்பறை. பலகையில் அழிக்காத இரசாயனச் சமன்பாடு. என் கட்டுரையை இருபது பிரதி எடுத்து விநியோகித்தேன். தலைப்பு: "ஆறுதலாக வருதலின் அழகியல்: ஒரு மீள்வாசிப்பு". வேகம் ஒரு வன்முறை, பிந்தி வருவது ஓர் எதிர்ப்பு என்றேன். காலி வீதி என்ற எங்கள் பெருந்தெருவில் ஊர்ந்துபோகும் பஸ்களை மேற்கோள் காட்டினேன். அந்த எட்டுப் பக்கத் தேநீர் தாமதத்தின் கொண்டாட்டம் என்று சொல்லி, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தியும் பார்த்தேன்.

"அப்ப அந்தப் பெடியன்?" என்றான் ரமணன்.

"பெடியன் ஒரு குறியீடு."

கடைசி வரிசை வாங்கிலிருந்து மேகலா கையை உயர்த்தினாள்.

"ஒரு சின்னச் சந்தேகம். 'ஆறுதலாக வருவேன்'னா, மெதுவா வருவேன்னா சொல்றீங்க?"

"ஓம். வேறென்ன?"

"இது சென்னையில எழுதினதுங்க. அந்தம்மாவுக்கு ஆறுதலா இருக்க வர்றேன்னு சொல்றார். அதுக்கு முந்தின பக்கத்துலயே பையன் செத்துட்டானே. பாக்கலையா?"

பதினான்கு பேரும் பக்கத்தைப் புரட்டினோம். புழுதி. அதன் நடுவே ஒரு பள்ளிக்கூடப் பை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும் தீயணைப்புக்காரர்கள். அடுத்த பக்கத்தில் கோபப்பட வேண்டிய அவசரத்தில், பதினொரு தடவையும் நான் தாண்டிப்போன பக்கம் அது.

இனி ஓடிவந்து காப்பாற்ற யாரும் இல்லை. அதனால்தான் அவர் நடந்து வருகிறார். எங்கேயும் ஒரு நொடிக்கு மேல் நிற்காத மனிதர், அந்தத் தாய்க்குப் பக்கத்தில் எட்டுப் பக்கம் எழும்பாமல் இருக்கிறார். கையிலிருந்த கட்டுரையை மடித்தேன். எனக்கு வந்தது வெட்கமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டு ரமணன் கேட்டான், "அப்ப நான் இவ்வளவு வருசமும் ஆரை ஏசினனான்?"

ரோல்ஸ்காரர்கள் மட்டும் மனம் தளராமல் சாப்பிட்டார்கள்.

கூட்டம் கலைந்து காலி வீதித் தேநீர்க்கடையில் அவளோடு உட்கார்ந்தபோது, இழப்பதற்கு மானம் எதுவும் மிச்சமில்லை. அந்தத் துணிவில் கேட்டேவிட்டேன். மேகலா கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆறுதலா சொல்றேன்."

"எந்த ஆறுதல்?"

பதில் வர மூன்று மாதமானது. ஓம் என்றுதான் வந்தது, ஆனால் அந்த மூன்று மாதத்தில் நான் நான்கு கிலோ மெலிந்தேன்.

அந்தக் கட்டுரையின் ஒரு பிரதியை மேகலா லேமினேட் செய்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். படிக்கச் சொன்னால் மகள் அதைக் காட்டி, "அழகியலா வாறன் அப்பா" என்கிறாள். ரமணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதன் முன் நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துகிறான்.

போன வருடம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே நான் தனியாக நின்று, கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்த மேகலாவை அழைத்தேன். "ஆறுதலா வர்றேன்" என்றாள். மழையில் வந்துசேர ஒன்றேமுக்கால் மணித்தியாலம். வந்தவள் குடையை மடித்து மூலையில் வைத்தாள். பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றித் தந்து, பக்கத்தில் இருந்தாள். எத்தனை பக்கம் என்று நான் எண்ணவில்லை.

அம்மா கண் விழித்ததும் முதல் கேள்வி, "எப்ப பிள்ளை வந்தனீ?"

"இப்பதான் மாமி. ஆறுதலா வந்தேன்."

"அதுதான் நல்லது" என்றார் அம்மா. "மழைக்குள்ள ஓடி வராதை."

நான் திருத்தப் போகவில்லை.