மையம் சார் பேச விடுகிறார்

பேசுகிறவர்கள் உண்டு, பேச விடுகிறவர்கள் உண்டு. இந்த இரண்டு வகையாலும் ஊருக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: பேச விடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள். வாசகரே, இவர்களிடம் அகப்பட்டுக்கொண்டால் உங்கள் வாய் சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர், பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பில் ஆசிரியராக இருந்தார். "மாணவர்தான் மையம்" என்பது அவருடைய தத்துவம். ஆகவே மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மையம் சார்.

முதல் நாளே மேசையை ஓரங்கட்டி நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். ஆசிரியர் முன்னால் நிற்பது ஆதிக்கமாம். வட்டம் போட்டதும் நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை, அங்கே போய் நின்றுகொண்டார். அன்றிலிருந்து வகுப்பில் பாதிப் பேருக்கு அவர் முகம், மீதிப் பேருக்கு முதுகு.

"நான் வாத்தியார் இல்லீங்க. உங்ககூட நடக்கிற ஒருத்தன், அவ்வளவுதான். இங்க நீங்க பேசணும், நான் கேக்கணும். மொழி காதுல ஏறினா போதாது, நாக்குல ஏறணும்!"

கூட நடக்கிறவர் இப்படிப் புறப்பட்டால், வகுப்பு முடியும்வரை தனியாகவே நடப்பார். சின்ன வயதில் ஒரு வாத்தியார் தம்மை வாய் திறக்கவே விடாத கொடுமையைச் சொல்லும்போது அவர் குரல் கம்மும். கேட்பவர்கள் கண்ணிலும் நீர் கோத்துக்கொள்ளும். கொட்டாவியை அடக்கினால் யாருக்குத்தான் கோத்துக்கொள்ளாது?

கேள்வியும் கேட்பார். கேட்காவிட்டால் மாணவர் எப்படி மையமாவார்?

"டாக்சி அண்ணே, நேத்து என்ன பண்ணீங்க?"

டாக்சிக்காரர் எழுந்து தொண்டையைச் செருமுவார். "நேத்து நான்..."

"அடடா! என்ன தைரியமா ஆரம்பிச்சாரு பாத்தீங்களா!"

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது, அதை வரவழைத்த முறை எது, அந்த முறை மற்ற வகுப்புகளில் ஏன் இல்லை என்பதையெல்லாம் சார் விளக்கி முடிப்பதற்குள், நேற்று என்ன செய்தோம் என்பது டாக்சிக்காரருக்கே மறந்துபோயிருக்கும்.

வட்டத்தில் ஆஸ்பத்திரி அக்கா என்று ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அண்டா தேய்க்கிறவர். சோப்புக் காரத்தில் விரலிடுக்கெல்லாம் வெடித்து, பேனா பிடித்தாலே முகம் சுளிப்பார். அதே ஆஸ்பத்திரியில் விசாரணை மேசைக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த ஊர் மொழியில் வாய்மொழித் தேர்வு, தேறினால் அந்த இடம் அக்காவுக்கு. தேர்வு மறுநாள்.

"சார், நாளைக்கு எனக்குப் பரீட்சை. கொஞ்சம் பேசிப் பாக்கணும்" என்றார் அக்கா, தன் சொந்த மொழியில்தான்.

"பேசுங்கக்கா! உங்களுக்கு இல்லாத உரிமையா? இதத்தானே நான் முதல் நாள்லேர்ந்து..."

முதல் நாளிலிருந்து சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொன்னார். அக்கா கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். கடைசியில் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், நிறுத்துங்க! நீங்களே பேசிட்டிருந்தா நான் எப்ப பேசறது?"

சாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டாமோ? வரவில்லை. ஆனந்தத்தில் கை தட்டினார்.

"கேட்டீங்களா? வாத்தியாரையே எதுத்துக் கேக்கறாங்க! இந்த மாணவியத்தான் நான் உருவாக்கணும்னு நெனச்சேன்!"

உருவாக்கிய விதத்தை அவர் சொல்லி முடித்தபோது காவலாளி வாசலில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"விடுக்கா, காலையில என் வண்டியில போகும்போது பேசிப் பாத்துக்கலாம்" என்றார் டாக்சிக்காரர், படியிறங்கும்போது.

"நீயும் நானும் பேசி, தப்ப இன்னும் நல்லாப் பழகிக்கவா?"

மறுநாள் தேர்வு நடத்திய அதிகாரி தங்கமான மனிதர். "பயப்படாதீங்கம்மா. இங்க நீங்கதான் முக்கியம். உங்களப் பத்திச் சொல்லுங்க."

"நான் சமையல்..."

"ஆகா, சமையலறையா!"

அதிகாரி அங்கே பிடித்தார். சமையலறையைச் சீர்திருத்த அவர் தீட்டிய திட்டம், அதைக் கெடுத்தவர்கள், கெடுத்தவர்களின் குடும்பம். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார், வேண்டிய இடத்தில் தலையாட்டினார், வேண்டிய இடத்தில் வியந்தார், வேண்டிய இடத்தில் 'அடப்பாவமே' என்று உச்சுக்கொட்டினார். அந்த மொழி அவர் நாக்கில் ஏறவில்லை, கழுத்தில் நன்றாக ஏறியிருந்தது.

"ரொம்பத் தெளிவாப் பேசறீங்கம்மா" என்று பாராட்டி அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

விசாரணை மேசையில் முதல் நாள் காலை. தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். "அம்மா, புள்ள கண்ணே தொறக்க மாட்டேங்குது, எங்க கொண்டு போகணும்?" அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. தலையை ஆட்டினார். அவர் மறுபடி கேட்டார். அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. மேசையைப் போட்டுவிட்டு ஓடிய குற்றத்துக்காக அக்காவை மறுநாளே அண்டாவுக்கு அனுப்பினார்கள்.

செய்தி கேட்டு மையம் சார் உருகிப்போனார். "என்னக்கா ஆச்சு? மனசுவிட்டுச் சொல்லுங்க."

"சார், அந்த ஆளு வந்து..."

"புரியுது, புரியுது! இதுல தப்பு யாரோடது தெரியுமா?" என்று சார் வட்டத்தின் நடுவுக்குப் போனார்.

வாசகரே, இந்நேரம் உங்களுக்குத் தெரிந்த இப்படி ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். இதைவிட நல்ல கதையும் கைவசம் இருக்கும். அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் தொடங்கியும் இருப்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் சற்று முன்னால் உங்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாரே, அது என்னவாம்?