ரிஜெக்ட் அண்ணனின் மஞ்சள் ஸ்டிக்கர்

உலகத்தில் ரிஜெக்ட் அண்ணனுக்குப் பிடித்த பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. கடவுளே நேரில் வந்து நின்றாலும், ஒளிவட்டம் கொஞ்சம் கோணல் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

மலேசியாவில், செனாய் பக்கம் நாங்கள் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவர்தான் கியூசி, அதாவது தரம் பார்ப்பவர். சிவப்பு ஒட்டினால் ரிஜெக்ட், பச்சை பாஸ், மஞ்சள் ஹோல்ட். பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். மூன்றும் எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கும். தீர்வது சிவப்பு மட்டும்தான். கேன்டீன் ரொட்டி சானாய், மேனேஜரின் புதுக் கார், என் கல்யாணப் பத்திரிகை எல்லாம் சிவப்பு வாங்கியவை. பத்திரிகையில் என் மாமனார் பெயர் ஒரு நூல் இறங்கியிருந்ததாம்.

பிலோமினா அக்கா அண்ணன் தரம் பார்த்த லைனில் பதினோரு வருஷம் வேலை செய்தவர். அந்த லைனை மூடியதும் வேலை போய்விட்டது. உலு திராமில் சின்னதாக ஒரு கடலுணவுக் கடை திறந்தார். கடை ஓடாவிட்டால் விடியுமுன் எழுந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக வேண்டும். அவருடைய முட்டிவலிக்கு அது சாத்தியமே இல்லை.

திறந்த வாரமே, ஞாயிறு பூசை முடிந்து ஏழெட்டுப் பேர் போனோம். ரிஜெக்ட் அண்ணனும் வந்தார். ஸ்டிக்கரையாவது காரில் வைத்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். காதிலேயே வாங்கவில்லை.

சுவரில் மாட்டியிருந்த படத்தில் கடல் குழம்புச் சட்டி நிறைய இறாலும் கணவாயும் துள்ளிக்கொண்டிருந்தன. எங்கள் முன்னால் வந்த சட்டியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. வெந்நீரில் மிளகாய்த்தூள் கரைத்த மாதிரி ஒரு திரவம். உள்ளே மீன், இறால், கணவாய் எல்லாமே தாயக்கட்டை அளவுக்குச் சதுரம் சதுரமாக. எது எதுவென்று கடித்தால்தான் தெரியும். கணவாய் கடிபடவில்லை. மீன் வாய்க்கு வருமுன்னே கரைந்துவிட்டது.

அண்ணன் கரண்டியால் துழாவினார். பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்து ஒரு துண்டை அளந்தார். இன்னொன்றையும் அளந்தார்.

"யாரு வெட்டுனது?"

"நான்தாண்ணே. எல்லா பீஸும் ஒரே சைஸ்ல இருக்கணும், ஒரே நேரத்துல எறக்கணும்னு நீங்கதானே பதினோரு வருஷமா சொன்னீங்க? அளந்துதான் வெட்டுனேன். ஒண்ணுகூட மாறாது."

அண்ணன் முகத்தில் அப்படி ஓர் அதிர்ச்சியை நான் பார்த்ததே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருள் அவர் சொன்னபடியே அச்சு அசலாக வந்திருக்கிறது. அதை வாயில் வைக்க முடியவில்லை.

கை சட்டைப்பைக்குப் போனது. அக்கா ஏப்ரனை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அண்ணன் சட்டியில் ஒட்டியது மஞ்சள்.

பக்கத்திலிருந்தவர் "அலமாக்" என்று கரண்டியைக் கீழே போட்டார். அண்ணன் மஞ்சள் ஒட்டி எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

"ஹோல்ட் லா. அடுத்த வாரம் வந்து பாக்குறேன்" என்றவர், அந்தக் கணவாயைத் தாடை வலிக்க மென்று சட்டியைக் காலி செய்தார். எங்களுக்கு அது இன்னொரு அதிர்ச்சி.

சொன்னபடி அடுத்த வாரம் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். மீனைப் பெரிய துண்டாக விடச் சொன்னதும், கணவாயைக் கடைசியில் போடச் சொன்னதும் அவர்தான். இப்போது ஞாயிறு மதியம் அந்தக் கடையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. அண்ணனும் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பரிசோதிக்க இந்த ஒரு சட்டிதான் பாக்கி. வாராவாரம் அதில் மஞ்சள்தான் ஒட்டுகிறார்.

போன மாதம் அக்கா கேட்டேவிட்டார். "நல்லாத்தானேண்ணே இருக்கு? எப்பத்தான் பச்சை ஒட்டுவீங்க?"

அண்ணன் சட்டியை வழித்தபடியே சொன்னார். "பாஸ் பண்ணிட்டா அப்புறம் கியூசிக்கு இங்க என்ன வேலை?"

அக்கா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். என்னிடம் மட்டும் ஒரு பச்சை ஸ்டிக்கர் இருந்திருந்தால், அன்றைக்கு அவர் முதுகில் ஒட்டியிருப்பேன்.