என் மராத்திப் புலமை

ஒரு மொழியை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதைவிட அறவே தெரியாமல் இருப்பது நல்லது. தெரியாதவர் வாயை மூடிக்கொண்டிருப்பார். எனக்கு அரைகுறையாகத் தெரியும். கையில் மைக்கும் இருந்தது.

கணவரின் வேலைக்காகக் கோவையிலிருந்து புனே வந்து சிஞ்ச்வட்டில் குடியேறியிருந்தோம். எங்கள் குடியிருப்புப் பெண்கள் சேர்ந்து, அக்கம்பக்கத்துப் பதின்வயதுப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடத்தினார்கள். கூச்சம் போக வேண்டும், உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், நாலு பேர் முன்னால் பேச வேண்டும். நானும் சேர்ந்துகொண்டேன். (யாரும் கூப்பிடவில்லை.)

பேச்சுப் பயிற்சிக்குப் பெற்றோரையும் வரவழைத்திருந்தோம். பெண்கள் ஒவ்வொருவராக மேடையேறிக்கொண்டிருந்தார்கள். அப்போது பிராச்சி என்னிடம் வந்தாள். பதின்மூன்று வயது, அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள். என் காதோடு, "மேடம், மாஜி பாளி ஆலி" என்றாள்.

பாளி என்றால் முறை. காய்கறிக் கடை வரிசையில் நான் கற்ற சொல். 'என் முறை வந்துவிட்டது' என்கிறாள்! வாயில்லாப் பூச்சி தானாக வந்து மேடை கேட்கிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போய் மைக்கில் முழங்கினேன்: "ஹிச்சி பாளி ஆலி! ஜோராத் டாள்யா!" (இவளுடைய பாளி வந்துவிட்டது, பலமாகக் கைதட்டுங்கள்!)

ஒருவரும் தட்டவில்லை. பின்வரிசை அப்பாக்கள் தரையைப் பார்த்தார்கள். பிராச்சி கையை உதறப் பார்த்தாள். "இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?" என்று அதையும் மைக்கிலேயே கேட்டேன்.

தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த என் மகள் தாரிணி ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினாள். "அம்மா, போதும் நிறுத்து! பாளின்னா பீரியட்ஸ்மா! அவளுக்கு பீரியட்ஸ் வந்துடுச்சுன்னு சொல்றா!"

(முறைக்கும் மாதவிடாய்க்கும் ஒரே சொல்லை வைத்த மகானுபாவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

பிராச்சி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். மறுநாள் மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். "ஜோப்லி ஆஹே" என்றார் அவள் அம்மா. தூங்குகிறாளாம். உள்ளறைத் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

அதன்பின் அவள் வகுப்புக்கு வரவே இல்லை. தைரியம் கொடுக்கப்போய், இருந்த கொஞ்சத்தையும் பறித்துவிட்டேன்.

பிற்பாடு தாரிணி பெரியவளானாள். எனக்குத் தெரியாது. அவள் அப்பாவிடம் சொல்லி, அவர் கடைக்குப் போய் வேண்டியதை வாங்கிவந்து, இருவரும் நிம்மதியாக டீ குடித்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது.

"ஏன் கண்ணு, எங்கிட்ட சொல்லலே?"

"நீ மைக்ல சொல்லிடுவே."

ஊரிலிருந்து யார் வந்தாலும் அப்பாவும் மகளும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரிக்கிறேன். இன்றுவரை எதையும் அவள் முதலில் என்னிடம் சொல்வதில்லை.