வெள்ளத்தில் உருண்ட வண்டியை வாங்கலாமா, அக்கா?

மதிப்பிற்குரிய அக்கா வால்ட்ராவுட் அவர்களுக்கு,

தம்பி லோதார் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் பூனையும் கூரையும் நலம். ப்ரேமனில் உங்கள் முழங்காலும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

ஒரு விஷயத்தில் உங்கள் முடிவு தேவைப்படுகிறது. கீழ்த்தெருவில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ரோஸ்விதா தன் பழைய மோட்டார் சைக்கிளை விற்கிறாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரத் தொட்டி பூட்டிய வண்டி. போன கோடை வெள்ளம் கொட்டகையோடு அதை இழுத்துப்போய்ப் பாலத்தடியில் தலைகீழாகப் போட்டது. நானோ இளமையில் உரிமம் வாங்கியதோடு சரி, பயத்தில் ஒருநாளும் ஓட்டியதில்லை. இப்போதும் ஓட்டாவிட்டால் இனி எப்போது என்று தோன்றிவிட்டது. ஆனாலும் சோதிக்காமல் வாங்குவது எப்படி? வாளியும் துணியுமாகப் போனேன்.

"கழுவாதீங்க வாத்தியாரே. வெள்ளத்துக்கு அப்புறம் எங்க நிலவறையில தோண்டியெடுத்த ஒயின் பாட்டிலையே சேறோடதான் விக்கிறோம், ஜனங்க வெள்ள ஞாபகமா கேட்டு வாங்கிட்டுப் போறாங்க" என்றாள்.

"கழுவாம எப்படிம்மா பாக்குறது?"

"நீங்க வண்டி வாங்க வந்தீங்களா, பரீட்சைத் தாள் திருத்த வந்தீங்களா?"

கெஞ்சியபின், தேவையான இடத்தில் மட்டும் துடைக்க அனுமதி கிடைத்தது. எண்ணெயை வடித்தேன், பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து மணல், திராட்சை விதை, யாரோ ஒருவரின் சட்டைப் பொத்தான். முன்விளக்குக்குள் அந்த வெள்ளமே பாதி அளவு நின்றுகொண்டிருந்தது, அடியில் சேறு படிந்து, மேலே பளிங்குபோலத் தெளிந்து. அதை வடிக்க எனக்குக் கை வரவில்லை. உள்பாகங்களை எல்லாம் துடைத்து, காயவைத்து, மீண்டும் பூட்டி, இது கிளம்பவே கிளம்பாது என்ற முடிவுக்கு வந்தேன். கிளம்பாத வண்டி சத்தம் போடாது என்பதால், கடைசிச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டேன். ஊரே ஓய்வெடுக்கும் ஞாயிறன்று ஆணி அடித்தாலே எதிர்வீட்டு எங்கல்பெர்ட் காவல் நிலையத்துக்குத் தொலைபேசுவார் என்பது நீங்கள் அறிந்ததுதான்.

ரோஸ்விதாதான் உதைத்தாள். வண்டி இருமியது. சேற்று நீரைத் துப்பியது. பிறகு கிளம்பிவிட்டது, அக்கா. நாற்பது வருடம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான், வாயைத் திறந்தபடி நின்றேன். காய்ந்த சேறு பொருக்குப் பொருக்காக உதிர, அடியிலிருந்து பச்சை நிறம் மெல்ல வெளியே வந்தது. சத்தம் திராட்சைச் சரிவுகளில் ஏறி இறங்கி, கதவில்லாத வீடுகளுக்குள்ளெல்லாம் போய்வந்தது. எங்கல்பெர்ட்டுக்கு இப்போது சன்னல் இல்லை, பலகைதான். அதை நகர்த்தித் தலையை நீட்டினார்.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமைங்க. மன்னிச்சுக்கோங்க, இதோ அணைச்சிடுறோம்."

"அணைச்சுத் தொலைக்காதீங்கய்யா" என்றார். "இன்னும் கொஞ்சம் முறுக்கி விடுங்க."

தெருவே வெளியில் வந்து நின்றது. வெள்ளத்துக்குப் பிறகு இந்தத் தெருவில் மீண்டும் உயிர்பெற்ற முதல் பொருள் இதுதான்.

ஆயினும் ஒயர்கள் உள்ளுக்குள் துருப்பிடிக்கலாம். சக்கரத் தாங்கிகள் நடுவழியில் கைவிடலாம். என் கைகளும் அப்படியே. வாங்கலாமா, கூடாதா? நீங்கள் எழுதுவதே தீர்ப்பு. மாமாவுக்கு என் வணக்கங்கள். அடுப்பருகே கவனமாக இருக்கச் சொல்லவும்.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும் தம்பி,
லோதார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ரோஸ்விதா வந்துவிட்டாள். "விக்கல வாத்தியாரே. செத்துப்போச்சுன்னு நெனச்சுத்தான் விக்கிறேன்னேன். நீங்க பாட்டுக்கு அதை எழுப்பி விட்டுட்டீங்க" என்றாள். சற்று அரைகுறையாகச் சோதித்திருந்தால் வண்டி எனக்குக் கிடைத்திருக்கும். முகம் தொங்கிப்போய் நின்றேன். "என்ன முழிக்கிறீங்க, தொட்டியில ஏறுங்க" என்று அதட்டினாள். ஏறினேன். ஆகவே பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். முதல் வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன், திட்டினாள், திறந்தேன். கீழே ஆறு ஒன்றுமே செய்யாததுபோல் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அதைவிட வேகமாகப் போனோம்.