எட்டு வருஷ ரகசியம்

"எட்டு வருஷமா என்ன செஞ்சீங்க?"

கேட்டவர் கம்பெனி முதலாளி ஜஹாங்கீர். கேட்கும்போதே அவர் கை பைலை மூடப் போய்விட்டது. அந்தக் கையை ஜோஸ்பின் நன்றாக அறிவாள். இதற்கு முன் ஏழு இன்டர்வியூக்களில் ஏழு கைகள் இதே கேள்வியோடு பைலை மூடியிருக்கின்றன. ஒரு காலத்தில் பேக்எண்ட் புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். அது என்ன கொலைக்குற்றமா? இன்று மும்பையின் செம்பூருக்குப் பஸ் ஏறும்போதே முடிவு கட்டியிருந்தாள், இந்தக் கேள்விக்கு இனி பதில் கிடையாது.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

இன்டர்வியூ நடந்தது இங்கிலீஷில். கோபம் வந்தபோது இந்தியில். நமக்குத் தமிழே போதும்.

பைல் பாதி மூடியபடி நின்றது. முதலாளி பக்கத்தில் கண்ணாடி போட்ட டீம் லீடர் ஒருவன் இருந்தான். பெயரைச் சொன்னான், படபடப்பில் அவள் காதில் ஏறவில்லை. காலையில் பரீட்சை வைத்தவன் அவன்தான். ஒரே சீட்டை இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிடும் டிக்கெட் புரோகிராம் ஒன்றைக் கொடுத்தான். அரை மணியில் கோளாறைப் பிடித்துச் சரிசெய்து கொடுத்திருந்தாள்.

அவன் இப்போது அவள் விண்ணப்பத்தில் வீட்டு முகவரியைப் பார்த்தான்.

"அணுசக்தி நகரா?" குரலைத் தாழ்த்தினான். "சொல்ல மாட்டீங்களா, சொல்லக் கூடாதா?"

"மாட்டேன்!"

அவன் முதலாளியின் காதில் என்னவோ ஓதினான். ஜஹாங்கீர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹெச்.ஆர். பரீஹா பிஸ்கட் தட்டை ஜோஸ்பின் பக்கம் நகர்த்தினாள். ஏழு இன்டர்வியூவில் பச்சைத் தண்ணீர் வராத இடத்தில் பிஸ்கட் வந்தால் சந்தேகம் வராதா?

"அணு மையத்துல எந்தப் பிரிவுன்னு நாங்க கேக்கவே மாட்டோம் மேடம்" என்றார் ஜஹாங்கீர்.

ஜோஸ்பினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்லி வேலை வாங்குவதென்றால் முதல் இன்டர்வியூவிலேயே புளுகியிருக்கலாமே!

"நான் அங்க வேலையே பாக்கல. வீட்டுல இருந்தேன்."

"அப்படித்தான் சொல்லணும்" என்றான் கண்ணாடிக்காரன்.

"என் வீட்டுக்காரர்தான் அங்க இருக்கார். ஏசி மெக்கானிக்."

"குளிரூட்டும் பிரிவு!" ஜஹாங்கீர் பரீஹாவைப் பார்த்தார். பரீஹா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

இனி சாட்சி இல்லாமல் ஆகாது. அன்று லீவில் வீட்டிலிருந்த கணவன் தனசீலனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இந்தியிலேயே கேட்டாள். "எட்டு வருஷமா நான் எங்க இருந்தேன்னு இந்த ஆபீசருங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்க."

தனசீலனுக்கு வேலையிடத்தில் பதினைந்து வருஷமாக ஊட்டிய பாடம் ஒன்று உண்டு. முன்பின் தெரியாதவர்கள் எதைக் கேட்டாலும் போனில் வாய் திறக்கக் கூடாது.

"ஆபீசருங்களா?" என்று பதறினான். "சாப், இதெல்லாம் போன்ல பேசக் கூடாது. அவளுக்கே தெரியும்!"

லைன் துண்டாகிவிட்டது. மூன்று பேரும் அந்தப் போனைப் பயபக்தியோடு பார்த்தார்கள்.

ஜோஸ்பின் மேசையை ஓங்கித் தட்டினாள். பிஸ்கட் தட்டு குலுங்கியது. "நல்லாக் கேட்டுக்குங்க! எட்டு வருஷம் என் மகளை வளர்த்தேன். தோசை சுட்டேன், ஜுரத்துக்குக் கஷாயம் வெச்சேன். அதுல எனக்கு வெக்கமும் இல்ல, ரகசியமும் இல்ல. அந்த டிக்கெட் கோளாறை சரி பண்ணினேனே, அதுக்கு வேலை குடுக்கறதுன்னா குடுங்க. இல்லாத அணுகுண்டுக்குக் குடுக்காதீங்க!"

கண்ணாடிக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஜஹாங்கீரோ எழுந்தே நின்றுவிட்டார்.

"இவ்வளவு நெருக்கியும் ஒரு வார்த்தை கக்கலையே! இந்த மாதிரி ஆள்தான் நமக்கு வேணும். திங்கக்கிழமை வந்துடுங்க."

படிவத்தில் 'இடைவெளிக்குக் காரணம்' என்று இருந்த இடத்தில் 'பிள்ளை வளர்த்தேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பரீஹா அதைப் படித்துவிட்டுக் கண்ணடித்தாள். வேலை கிடைத்தும் இப்படி முகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய பெண்ணைச் செம்பூர் பார்த்திருக்காது. தன் திறமைக்கு இல்லை, புருஷனின் குவார்ட்டர்ஸ் முகவரிக்கு வேலை!

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஏஞ்சலம்மாள் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அணுசக்தி நகர் ஆஸ்பத்திரி நர்ஸ். பாடகர் குழுவில் பாடுவாள், கல்யாணமான மகன் உல்லாஸ்நகரில் இருக்கிறான் என்பதற்கு மேல் ஜோஸ்பினுக்கு அவளைத் தெரியாது.

"ஏட்டி ஜோஸ்பினு, இந்த நகர்லயே பொறந்து வளந்த என் மவன் ஸ்டெர்லினுக்கு நீ ரகசிய வேலை பாக்கலன்னு தெரியாதா? பரீட்சையில தேறுனது நீ ஒருத்திதானாம், அந்த முதலாளி பைல மூடிரக் கூடாதேன்னு அவன் கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு ஒரு பொய்ய அவுத்து விட்டா, நீ என்னட்டி மேசையத் தட்டித் தட்டி அத உடைக்கப் பாத்திருக்க?"