சாயம் விட்ட கட்டையும் சம்பந்தியின் மீன் தொட்டியும்

வில்லாபுரம், மதுரை
செவ்வாய் தொடங்கி வெள்ளி முடித்தது

மரியாதைக்குரிய சம்பந்தி பாலமுரளி அவர்களுக்கு, சீதாராமன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். எழுத்து பெரிது பெரிதாக விழுகிறது, வரி கோட்டின்மேல் நிற்காமல் மாடி ஏறுகிறது. முதியோர் வகுப்பில் தமிழ் எழுதக் கற்ற பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. தபால் அலுவலகத்தில் அடுத்தவர் கடிதங்களுக்கே முத்திரை குத்தி ஓய்வு பெற்ற உங்களுக்கு அது வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நம் இரண்டு வீட்டிலும் பேசுவது சௌராஷ்டிரம். உங்களோடு நான் தமிழில் பேசியதே இல்லை. அதனால் எழுத உட்கார்ந்ததும், உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த அன்று பார்த்தது போலப் புது ஆளாகத் தெரிகிறீர்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. போனில் சொன்னால் ஆகாதா என்று என் மனைவி கேட்டாள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பது இந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய சௌகரியம்.

இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். மற்றவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆனையூர் வீட்டுக்குத் தரை மாற்றி முடியும்வரை இருக்கட்டும் என்று என்னிடம் ஒப்படைத்தீர்களே, அந்த மீன் தொட்டியை நான் கெடுத்துவிட்டேன். அதற்குள் இருக்கும் வேர்க்கட்டை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தீர்மானிக்க, நீங்கள் ஒரு வாரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டதைச் சம்பந்தி அம்மாள் சொல்லியிருக்கிறார்கள். கட்டையின் இடுக்குகளில் நூலால் செடி கட்டி, பின்னால் உயரச் செடியும் முன்னால் புல்லும் நட்டு, நடுவில் ஏஞ்சல் மீன்களை விட்டு, ஒரு சிறு காட்டையே தண்ணீருக்குள் வைத்திருந்தீர்கள். இங்கே கொண்டுவந்து புதுத் தண்ணீர் ஊற்றியதும் கட்டை பழுப்பாகக் கசிய ஆரம்பித்தது. நான் சாயப்பட்டறையிலேயே நரைத்தவன். சாயம் போகிறது என்று காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் கை பட்ட சேலையில் சாயம் போனதாக எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. என் வீட்டிலேயே, வருகிறவர் போகிறவர் பார்க்கும் இடத்தில், ஒரு கட்டை பட்டப்பகலில் சாயம் விட்டால் எப்படிப் பொறுப்பது? நீங்கள் ஏமாந்து மட்டமான கட்டையை வாங்கிவிட்டீர்கள், உங்கள் மனம் நோகாமல் நானே சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

செடிகளை அவிழ்த்து வாளியில் போட்டுவிட்டு, கட்டையைப் பழைய சாய அண்டாவில் வேகவைத்தேன். முதல் கொதியில் இறங்கிய நிறத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பனங்கற்கண்டைக் காய்ச்சியது போல் இருந்தது. சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை. சாயம் பிடிக்கப் படிகாரம் போட்டு என் வெள்ளைத் துண்டை அதில் முக்கினேன். பிறகு, தெளிந்த தண்ணீர் வரும்வரை மாற்றி மாற்றி அவித்து, மொட்டை மாடியில் நூல் காயப்போடுவது போல் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, தட்டினால் டங்கென்று சத்தம் வரும் பதத்தில் தொட்டிக்குள் வைத்துக் கையை எடுத்தேன். கட்டை எழுந்து மேலே வந்துவிட்டது.

"மீனுக்குக் கூரை போட்டிருக்கீகளா?" என்றாள் என் மனைவி, நம் பாஷையில்தான்; நான் தமிழாக்கி எழுதுகிறேன்.

நான் அம்மிக் குழவியை எடுத்துவந்து கட்டையின்மேல் வைத்தேன்.

"கொழவிய எதுக்கு எடுத்தீக? சட்னிக்கு நா எங்க போறது?"

"மிக்ஸிதான் இருக்கே."

"அப்ப மிக்ஸியத் தூக்கி உள்ள போடுங்க. கொழவியக் குடுங்க."

குழவி இன்னும் தொட்டிக்குள்தான் இருக்கிறது. அவள் என்னோடு பேசுவது குறைந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் கண்ணாடி போல் ஆகிவிட்டது. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மீன்கள் வெளுத்து ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, இரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாளியில் கிடந்த செடிகளைத் திரும்பக் கட்டினேன். அவற்றில் பாதி இலை கூழாகிப்போனது. பயந்துபோய், தெருமுனையில் மீன் கடை வைத்திருக்கும் சங்கிலியைக் கூட்டிவந்தேன்.

"என்னண்ணே, கட்டைய அவிச்சுப்புட்டீகளா? கெழங்காண்ணே அது?"

"சாயம் போச்சுப்பா."

"போகத்தாண்ணே செய்யும். அதுக்குத்தான வச்சிருக்கு. இந்த மீனுக்கு அந்தச் சாயந்தான் நெழலு. இம்புட்டு வெளிச்சத்துல ஒங்கள நடுவீதில உக்கார வச்சா நீங்க சோறு திம்பீகளா?"

 காய்ந்த வாதாம் இலை போட்டால் நிறம் திரும்பும் என்று அவன் சொன்னதால், பள்ளிக்கூட வாசலில் இருக்கும் வாதாம் மரத்தடியில் இலை பொறுக்கினேன். வாழ்நாளெல்லாம் சாயம் போகக் கூடாது என்று கும்பிட்டவன், ஓர் இலையைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாயம் போ, சாயம் போ என்று பக்கத்தில் நின்றேன். போகிறது. ஆனாலும் எனக்குத் தைரியம் இல்லை. ஒரு உயிர் போனாலும் உங்கள் முகத்தில் விழிக்க முடியாது. ஆகையால் தரை வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும், வருகிற புதன்கிழமை வண்டி அனுப்பித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள எதையும் இனி என் பொறுப்பில் விட வேண்டாம். உங்கள் மகள் ரம்யாஸ்ரீயிடம் கோபிக்காதீர்கள். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வேகவைங்க மாமா" என்று அவள் அண்டா பக்கத்தில் நின்று சொல்லத்தான் செய்தாள்.

அந்தத் துண்டை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். எத்தனை அலசியும் ஒரு சொட்டு போகவில்லை. உங்கள் தொட்டியின் நிறம் அதில் பத்திரமாக இருக்கிறது.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். உங்கள் புதுத் தரை வழுக்காத தரையாக அமைந்து, நீங்கள் இருவரும் அதில் நெடுங்காலம் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
சீதாராமன்

பின்குறிப்பு: வண்டி அனுப்ப வேண்டாம். இதை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருக்கையில் ரம்யாஸ்ரீ, "மாமா, மெதுவா வாங்க, சத்தம் போடாதீங்க" என்று கூப்பிட்டாள். தொட்டியில் ஒரு அகல இலைமேல் வரிசை வரிசையாக முட்டை. ஏஞ்சல் மீன்களில் இரண்டு ஜோடி சேர்ந்து, மற்றவற்றை மூலைக்கு விரட்டிவிட்டு, துடுப்பால் அந்த இலைக்கு விசிறிக்கொண்டிருக்கின்றன. "அப்பாவுக்குப் போன் போடட்டா?" என்றாள். "வேணாம்மா, தாள்ல எடம் இருக்கு" என்றேன். மேலே எழுதியதை அடித்துவிடலாம். ஆனால் நான்கு நாள் உழைப்பு, மனம் வரவில்லை. நீங்கள் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். குஞ்சு வளரும்வரை தொட்டியை அசைக்க நான் சம்மதிக்க மாட்டேன். நீங்கள் வரலாம். பேசாமல் வர வேண்டும், தொட்டிக்கு ஒரு கை தள்ளி உட்கார வேண்டும். அடுத்த வாரம் உங்களுக்குச் செய்தி எழுதுகிறேன். குஞ்சு வந்துவிட்டால் பெரிய எழுத்தில் எழுதுவேன், வராவிட்டால் சிறிய எழுத்தில். சிறிய எழுத்து எனக்கு இன்னும் வராது.